ஒரே கம்பத்தில் இரண்டு அறிவிப்பு

நகராட்சி அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பசைக்காரர் என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும், தலைவி அம்மாவுக்கும் தெரியும். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கத்தான் செய்தது. அதை மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடும்போது மட்டும் பார்த்துக்கொள்வார்.

அவர் வேலை இதுதான். ஊரில் யாராவது பெரிதாக ஏதும் கட்ட மனுப் போட்டால், அந்த இடத்துக்கு எதிரே உள்ள விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டவேண்டும். இன்ன இடத்தில் இன்ன கட்டடம் வரப்போகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் இருபத்தோரு நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அதில் இருக்கும். ஒட்டியதும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். கெடு முடிந்ததும் போய்ச் சுரண்டி எடுக்க வேண்டும். இதற்கு ஒரு ஆளா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "நான் ஒட்டலேன்னா ஊருக்கு எதுவுமே தெரியாது சார்."

பசையை அவரே காய்ச்சுவார். மைதா மாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பூச்சி அரிக்காது, மழைக்கும் சட்டென்று இளகாது. காய்ந்தபின் தாளின் ஓரத்தில் லேசாக நீலம் பூத்து நிற்கும். விஷப் பொருள் என்பதால் அதற்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பு. "இந்த மனுஷன் எனக்கு ஒரு நாள் ஒரு டீ போட்டுக் குடுத்ததில்ல, கம்பத்துக்கு மட்டும் பக்குவமா சமைக்கிறார்" என்று அவர் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள்.

இன்னொரு விஷயம். தெருவுக்கு ஒரு கம்பம் என்று அவர் கணக்கு. எந்தக் கம்பத்தில் ஜனங்கள் நின்று படிப்பார்கள், எதைப் பார்க்காமல் போவார்கள் என்று அவருக்கு அத்துப்படி. எப்போதும் கண் மட்டத்தில்தான் ஒட்டுவார். அங்கே ஏற்கெனவே கெடு முடியாத தாள் இருந்தால் இரண்டு சாண் கீழே ஒட்டுவார். இருபத்தாறு வருஷம் இதில் பிசகு வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருஷம் பழைய ஐஸ் தொழிற்சாலை இடத்தில் மாணவர் விடுதி கட்ட மனு வந்தது. ஐந்து மாடி, நூற்றெண்பது அறை. கோப்பைப் பார்த்ததும் பசைக்காரருக்கு வாயெல்லாம் பல். காரணம், அவருடைய அக்கா மகள். கல்லூரியில் முதல் வருஷம். கல்லூரி விடுதியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அவள் தங்கியிருந்த மாமா வீடு ஊரின் ஒரு கோடி, கல்லூரி மறு கோடி. இரண்டு பஸ் மாறிப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீடு என்று சொன்னால் ஒரு கூடம், ஒரு சமையலறை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு சமையலறையில்தான் அவள் பாய் விரிப்பாள். காலையில் அத்தை அடுப்பைப் பற்றவைக்க வந்தால் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். படிப்பெல்லாம் பஸ்ஸில். உட்கார இடம் கிடைத்த நாளில் புத்தகம், கிடைக்காத நாளில் மனப்பாடம்.

"மாமா, அந்த விடுதி என் கடைசி வருஷத்துக்குள்ளயாவது வந்துடுமா?" என்று கேட்டாள்.

"வராம? நானே என் கையால ஒட்டப்போறேன் பாரு" என்றார், ஏதோ கட்டடத்தையே அவர்தான் தூக்கி நிறுத்தப்போகிற மாதிரி.

திங்கட்கிழமை ஒட்டினார். போட்டோ எடுத்தார். கையெழுத்துப் போட்டார். எல்லாம் சுத்தம்.

இருபத்திரண்டாம் நாள் காலை, திட்டப் பிரிவு ஜன்னலுக்கு ஒரு அம்மாள் வந்தாள். ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் வேலை செய்பவள், கையில் சலவை வாசனை. ஐஸ் தொழிற்சாலைக்கு அடுத்த வீடு. ஆட்சேபக் கடிதம் ஒன்றை நீட்டினாள். பிரிவு அதிகாரி தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"நேத்தே முடிஞ்சுபோச்சும்மா. ஒரு நாள் லேட்."

"நேத்து சாயங்காலம் அளவெடுக்க ஆள் வந்தப்போதான் சார் எனக்குத் தெரியும். ராத்திரியே உக்காந்து எழுதினேன்."

"மூணு வாரமா கம்பத்துல ஒட்டியிருக்கே?"

"அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் சார் தினம் வேலைக்குப் போறேன். நான் நின்னு படிச்சப்போ தண்ணிக் குழாய் வேலைன்னுதான் ஒட்டியிருந்துச்சு. வேற ஒண்ணும் இல்லையே."

பக்கத்தில் நின்ற பசைக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் வேலையையே ஒருத்தி இல்லை என்கிறாளே! கோப்பைப் பிரித்துப் போட்டோவை அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இது என்னவாம்? தேதி பாருங்க. கையெழுத்து பாருங்க. இருபத்தாறு வருஷமா ஒட்டுறேன், என் தாள் ஒண்ணு உதிர்ந்ததில்ல. கண்ணைத் தொறந்து பார்க்காம விட்டுட்டு எங்க தலையில போடாதீங்கம்மா."

வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரிக்கவும் செய்தான். அந்த அம்மாள் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பசைக்காரருக்கு அன்று மத்தியானம் சாப்பாடு ருசித்தது.

மறுநாள் கம்பத்தைச் சுத்தம் செய்யப் போனார். சைக்கிளை நிறுத்தி, தண்ணீர் வாளியும் சுரண்டும் தகடுமாக நிமிர்ந்து பார்த்தால், தண்ணீர்க் குழாய் அறிவிப்பு. அவர் தாளைக் காணோம்! எவனோ கிழித்துவிட்டான் என்று முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு கிட்டே போய்ப் பார்த்தார். ஓரத்தில் நீலம் பூத்திருந்தது. அவர் பசைதான். இந்த ஊரில் வேறு எவன் மயில்துத்தம் போடுகிறான்?

தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, தகட்டை அடியில் விட்டு நெம்பினார். இரண்டு தாளும் ஒன்றாகக் கையோடு வந்தன. மேலே இருந்தது வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. இரண்டையும் ஈர விரலால் மெல்லப் பிரித்தபோது, அடியில் மாணவர் விடுதி அறிவிப்பு நேற்று அச்சடித்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்தத் தாள் அதிகம் வெயில் பார்க்கவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. திங்கட்கிழமை இதை ஒட்டினார். அதே வாரம் வெள்ளிக்கிழமை, குடிநீர்ப் பிரிவில் ஆள் இல்லை என்று அவசரமாக அவரிடம் ஒரு கட்டு அறிவிப்பைக் கொடுத்திருந்தார்கள். பதினோரு தெரு. தூறல் வேறு போட ஆரம்பித்துவிட்டது. தாள் நனைவதற்குள் முடிக்கவேண்டும் என்று ஓடி ஓடி ஒட்டினார். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாகக் கண் மட்டத்துக்குப் போயிருக்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்று கண் பார்க்கவில்லை. குடிநீர்த் தாள் அகலமும் கூட. தன் தாளைத் தானே போர்த்தி மூடிவிட்டு வந்திருக்கிறார், மகானுபாவர். இருபத்தோரு நாள் இருக்கவேண்டியது ஊர் கண்ணில் பட்டது நாலே நாள்.

அந்த அம்மாள் கண்ணைத் திறந்துகொண்டுதான் போயிருக்கிறாள்.

அந்த இரட்டைத் தாளைச் சுருட்டித் துணிப்பைக்குள் வைத்தார். கிழித்துச் சாக்கடையில் போட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்தது. கோப்பில் போட்டோ இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, எவன் கேட்கப்போகிறான்? மறுநாள் வியாழக்கிழமை, அனுமதி கொடுக்கும் குழுவின் கூட்டம். உறுப்பினர்கள் கை தூக்கினால் விடுதி வந்துவிடும். அக்கா மகள் சமையலறைப் பாயிலிருந்து எழுந்து ஒரு கட்டிலுக்குப் போய்விடுவாள். இதையெல்லாம் யோசித்துக்கொண்டேதான் பையைச் சைக்கிளில் மாட்டினார். ஆனாலும் கிழிக்கவில்லை.

மூன்று மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன சொல்வது என்று அவருக்கே தெரியாது. அந்த அம்மாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். ஆளை அடையாளம் தெரிந்துகொண்டாள். முகம் ஒரு நிமிஷம் இறுகியது. இருந்தாலும், "உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றாள்.

ஒரே அறை. ஒரே ஜன்னல். ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் அவள் புருஷன். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கை, பேச்சும் போய்விட்டது. அவருடைய முகத்திலும் போர்வையிலும் வெளிச்சம் விழுந்திருந்தது. காலி மனையில் நாலு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில ஆறரைக்கு நான் கிளம்பினா மூணு மணிக்குத்தான் வருவேன்" என்றாள் அந்த அம்மாள், தண்ணீரை நீட்டிக்கொண்டே. "அதுவரைக்கும் இவருக்குத் துணை இந்த ஜன்னல்தான். கிழக்கு பாத்தது. சூரியன் வந்தா முகமே மாறிடும் இவருக்கு. மழைநாள்ல சாப்பிடக்கூட மாட்டார்."

"விடுதியே வேண்டாம்னு எழுதினீங்களா?"

"சேச்சே! படிக்கிற பிள்ளைங்க வரட்டும், நான் ஏன் வேண்டாங்கறேன்? பிளான்ல சுவரு ஜன்னல்ல இருந்து மூணு அடியில வருதாம். கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கன்னுதான் எழுதினேன். படிக்கலையா நீங்க?"

படிக்கவில்லை. யாருமே படிக்கவில்லை. தேதியை மட்டும்தான் பார்த்தார்கள். பசைக்காரர் தண்ணீரைக் குடித்தார். பையிலிருந்த தாளை எடுத்துக் காட்ட வாய்வரை வந்தது, வரவில்லை. "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தவர், சைக்கிளில் ஏறாமல் தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டே போனார்.

அன்று வீட்டில் அக்கா மகள் சோற்றைப் பிசைந்தபடி, "நாளைக்குத்தானே மாமா கூட்டம்?" என்றாள்.

"ஆமா."

"எனக்குப் பரீட்சையை விட இதுக்குத்தான் படபடங்குது."

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். உடம்பு சரியில்லையா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கூட்ட அரங்கில் அவர் உள்ளே போய் உட்கார்ந்ததே கிடையாது. கதவுக்கு வெளியே நிகழ்ச்சி நிரலை ஒட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. அன்று கடைசி வரிசையில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலாவது பொருள், மாணவர் விடுதி. பிரிவு அதிகாரி எழுந்து, "அறிவிப்பு முறைப்படி ஒட்டப்பட்டது. கெடுவுக்குள் ஆட்சேபம் எதுவும் வரவில்லை" என்று படித்தார். தலைவி அம்மா சுற்றிலும் பார்த்தார். "அப்போ ஓட்டுக்கு விட்டுடலாமா?"

"அம்மா, ஒரு நிமிஷம்."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. பிரிவு அதிகாரியின் கண் அவரைச் சுட்டெரித்தது.

"யாருப்பா அது?"

"நான்தாம்மா. ஒட்டுறவன்."

"என்ன விஷயம்?"

தனக்குப் பேச வராது என்று தெரிந்து, நடந்து முன்னால் போனார். தாளை மேஜைமேல் விரித்தார். மேல் தாளைத் தூக்கிக் காட்டினார், அடித் தாளைக் காட்டினார்.

"இதுவும் நான் ஒட்டினதுதான், அதுவும் நான் ஒட்டினதுதான். நாலு நாள்தாம்மா வெளிய தெரிஞ்சுது. பக்கத்து வீட்டு அம்மா கடுதாசி கொண்டு வந்தாங்க. லேட்டுன்னு திருப்பி அனுப்பிட்டோம். நாலு பேர் முன்னாடி அவங்களை நான் ஏசிட்டேன். தப்பு அவங்க மேல இல்ல. என் மேல."

தலைவி அம்மா இரண்டு தாளையும் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தன் தப்பைத் தானே தூக்கிட்டு ஒரு ஆள் இந்த மேஜைக்கு வருவார்னு நான் நினைக்கல" என்றார். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. மறுபடி ஒட்டவேண்டும், மறுபடி இருபத்தோரு நாள்.

வெளியே தாழ்வாரத்தில் பிரிவு அதிகாரி பிடித்துக்கொண்டார். "ஏன்யா, என்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க தாளை வாங்கி மேஜைக்குள்ள வச்சிருப்பீங்க சார்."

அதற்குப் பதிலாக ஒரு குறிப்பாணை வந்தது. பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: கடமையில் கவனக்குறைவு. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பதிவேட்டில் அவரைப் பற்றி எழுதப்பட்ட முதல் வரி அதுதான்.

அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டில் நடந்ததுதான் தாங்க முடியவில்லை. அக்கா மகள் முழுக்கக் கேட்டுவிட்டு, "தப்பு பண்ணினது நீங்க. தண்டனை எனக்கா மாமா?" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அதன்பிறகு பத்து நாள் அவள் அவரோடு பேசவில்லை. டிபன் டப்பாவைக்கூட அத்தை கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டாள். மனைவி மட்டும், "ஊருக்கெல்லாம் நல்லவரு" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கூட்டத்தில் அந்த அம்மாளைப் பேச அழைத்தார்கள். மூன்று நிமிஷம் கொடுத்தார்கள், ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். குழு எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தது. சுவரை ஜன்னலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஐந்து மாடிக்குமாகப் பதினெட்டு அறை குறைந்தது. நூற்றெண்பது, நூற்று அறுபத்திரண்டு ஆனது.

கட்டி முடிக்க ஒன்றரை வருஷம். அதற்குள் அக்கா மகளுக்குக் கோபம் தணிந்து, பேச்சு வந்து, பழையபடி மாமாவின் பசைச் சட்டியைக் கிண்டல் செய்யவும் ஆரம்பித்துவிட்டாள். கடைசி வருஷம் பிறக்கும்போது விடுதி திறந்தது. அறைக்கு மனுப் போட்டாள். பட்டியலைக் கல்லூரி வாசலில் ஒட்டினார்கள். நூற்று அறுபத்திரண்டு பேருக்கு இடம். கீழே காத்திருப்போர் வரிசை. அதில் அவள் பதினொன்றாவது.

கணக்குப் போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கும்தான். சாயங்காலம் வந்து, "பதினொண்ணு மாமா" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு அறை இருந்திருந்தால் அதில் ஒன்று இவளுடையது. இதற்கு என்ன சமாதானம் சொல்வது? மன்னித்துக்கொள் என்பதா? எதை மன்னிக்க? செய்த தப்பையா, அதைச் சொன்னதையா?

மறுநாள் காலை அவள் பையை மாட்டிக்கொண்டு, "மாமா, அந்த வீட்டு ஜன்னலை நான் பார்த்ததே இல்ல. இன்னைக்குக் காட்டுறீங்களா? ஒரு பஸ் தள்ளிப் போனாப் போச்சு" என்றாள்.

போனார்கள். புதுக் கட்டடம் வெள்ளையடித்து நின்றது. மாடிகளில் துணி காய்ந்தது, எங்கோ யாரோ சிரித்தார்கள். சுவருக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே இடைவெளி. அவள் சுவரோரமாக நின்று, குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, அடி அடியாக ஜன்னலை நோக்கி அளந்து நடந்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனவள் நடுவில் நின்றாள்.

"என் ரூம் இங்கதான் இருந்திருக்கும், இல்ல மாமா?"

"ஆமாம்மா" என்றார் அவர். "மேல, ஏதோ ஒரு மாடியில."

அவள் அங்கேயே நின்றாள். வெயில் அப்போதுதான் அந்தச் சந்துக்குள் இறங்கியிருந்தது. அவள் தலையிலும் தோள்பையிலும் பட்டு, ஜன்னல் வழியாக உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தது. உள்ளே படுத்திருந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தெரியாத ஒரு பெண் வெளிச்சத்தில் நிற்கிறாள். அவருக்கு என்ன தோன்றியதோ, போர்வைக்குள்ளிருந்து இடது கையை மெல்ல வெளியே எடுத்து, பாதி தூரம் தூக்கினார்.

அவளும் கையைத் தூக்கினாள். அவர் கையை இறக்கும்வரை அவளும் இறக்கவில்லை.

"வாங்க மாமா, அடுத்த பஸ்ஸும் போயிடும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.